ஒரு நொடிக்கும் குறைவான தாமதம்

'ஐன்ஸ்டைன் தப்பு' என்று ஒரு வாரம். 'ஐன்ஸ்டைன் மறுபடி ஜெயித்தார்' என்று அடுத்த வாரம். நம் யூடியூப் அறிவியலுக்கு எல்லாமே மல்யுத்தம்தான். வெற்றிடத்தில் எல்லா ஒளியும் ஒரே வேகத்தில் ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. இந்த ஒளியின் வேகம் விஷயத்தில் இரண்டு தலைப்புமே எரிச்சலூட்டுகின்றன.

மிக நுண்ணிய அளவில் வெளி (space) நுரைபோலக் கொதித்துக்கொண்டிருக்கலாம் என்பது பழைய ஊகம். அப்படியானால் ஆற்றல் கூடிய ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், அதில் கொஞ்சம் தடுமாறி, மற்றவற்றைவிடத் தாமதமாக வரலாம். எவ்வளவு தாமதம்? அதன் ஆற்றலை பிளாங்க் ஆற்றலால் (இந்த நுரை தலைகாட்டும் என்று கருதப்படும் பிரம்மாண்ட ஆற்றல்) வகுத்துப் பாருங்கள். 31 ஜிகா எலெக்ட்ரான்வோல்ட் ஃபோட்டானுக்கே, 1-க்குப் பின் 18 சைபர் போட்ட எண்ணில் இரண்டு மூன்று பங்குதான். எந்த ஆய்வகத்தில் இதை அளப்பது?

தூரத்தைக் கூட்டினால் போதும் என்று 1998-ல் இயற்பியலாளர் அமெலினோ-கமேலியாவும் சகாக்களும் எழுதினார்கள். 2009 மே 10 அன்று ஃபெர்மி விண்தொலைநோக்கி பார்த்த காமா வெடிப்பின் (தொலைதூர விண்வெளியில் நொடிக்கணக்கில் மின்னும் காமா கதிர்ப் பிழம்பு) ஒளி 700 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணித்து வந்தது. அந்தத் துக்கடா பின்னத்தை இத்தனை ஆண்டுகளால் பெருக்கி, வழியில் பிரபஞ்சம் விரிந்ததையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நொடி! அதிலிருந்த 31 ஜிகா ஃபோட்டானோ, வெடிப்பு பதிவாகி 0.83 நொடியில் வந்து நின்றது. தாமதம் என்று ஒன்று இருந்தாலும் அதற்கு மேல் போயிருக்க வாய்ப்பில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு முன்பே, 2005-ல், லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கி மார்க்கேரியன் 501 என்ற விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த ஆற்றல் கூடிய ஃபோட்டான்களில் 4 நிமிடத் தாமதம் கண்டது. பலரும் துள்ளினார்கள், நானும்தான். ஆனால் இரண்டு பஸ் முன்பின்னாக வந்தால், ஒன்று மெதுவாக ஓடியதா, லேட்டாகக் கிளம்பியதா? வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஃபோட்டான்களும் அங்கேயே தாமதமாகப் பிறந்திருக்கலாம்.

2022 அக்டோபர் 9 வெடிப்பில் சீனாவின் லாசோ ஆய்வகம் 60,000-க்கும் மேற்பட்ட ஃபோட்டான்களைப் பிடித்தது. அப்படி ஒரு விளைவு இருந்தால், வகுக்க வேண்டிய ஆற்றல் பிளாங்க் ஆற்றலைப்போலப் பத்து மடங்குக்கும் மேலே இருக்க வேண்டும், அதாவது தாமதம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்று வந்தது முடிவு. 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்கிற செய்திதான் இது. எனக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டாம்.

சரி, ஐன்ஸ்டைன் ஜெயித்துவிட்டாரா? அதுவும் அவசரம். அடிபட்டது, ஆற்றலுக்கு நேர் விகிதத்தில் தாமதம் கூடும் என்ற கணக்கு மட்டும். ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கப் பார்க்கும் எல்லா குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடும் அப்படிச் சொல்வதும் இல்லை. ஆற்றலின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடினால்? அதே 31 ஜிகா ஃபோட்டான், அத்தனை கோடி ஆண்டு ஓடிவந்தும், ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அந்தத் துணுக்கை மறுபடி ஆயிரக்கணக்கில் நறுக்கினால் கிடைக்கும் அளவுக்குத்தான் பிந்தும்.