டெட்ராய்ட்டில் தோட்டம் மட்டும் போதாது

காலி மனைகளில் காய்கறி பயிரிட்டாலே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள டெட்ராய்ட் நகரின் உணவுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அண்மையில் நான் படித்த கட்டுரை ஒன்று கூறும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. 1950-இல் ஏறத்தாழ 18.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்ட அந்நகரில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. கார் இல்லாத குடும்பங்கள் நடந்துபோய் நல்ல காய்கறி வாங்கக்கூடிய கடைகள்தான் குறைவு. திறந்த வெளியில் பயிரிடுவதற்குத் தடையாக இருக்கும் மிச்சிகனின் நீண்ட பனிக்காலத்தையும் மறந்துவிடக் கூடாது.

2006-இல் தோன்றிய டெட்ராய்ட் கறுப்பினச் சமூக உணவுப் பாதுகாப்பு அமைப்பு, தோட்டம் மட்டும் போதாது என்பதை நன்கு உணர்ந்திருந்தது என்றே கருதுகிறேன். ரூஜ் பூங்காவில் ஏழு ஏக்கர் பரப்பில் டி-டவுன் பண்ணையை நடத்திவரும் அவ்வமைப்பினர், அத்துடன் நின்றுவிடாமல், பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2024-இல் உட்வர்ட் அவென்யூவில் மக்கள் கூட்டுறவு மளிகைக் கடை திறக்கப்படக் காரணமாக இருந்தார்கள். யாரும் அங்கே பொருள் வாங்கலாம். ஆனால் கடையின் உரிமை பங்கு வாங்கிய உறுப்பினர்களுடையது. லாபம் போதவில்லை என்று வெளியூர் நிறுவனம் ஒன்று ஒரே முடிவில் மூடிவிட முடியாத கடை அது. கட்டுரை இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாதது பெரும் குறை.

விலையும் முக்கியம். அரசின் உணவு உதவித்தொகையில் காய்கனி வாங்கினால் அதற்கு ஈடான தொகையைக் கூடுதலாக அளிக்கும் திட்டம் 2009-இல் டெட்ராய்ட்டின் உழவர் சந்தைகளில்தான் தொடங்கியது. அத்தகைய ஆதரவு இல்லையென்றால், வீட்டருகே கடை இருந்தும் ஏழைகளால் அங்கே வாங்க முடியாது.