நாவலருக்கு முன்பே தமிழில் வேதாகமம் (பைபிள்) இருந்தது
"தமிழில் வேதாகமத்தை முதலில் மொழிபெயர்த்தவர் ஆறுமுக நாவலர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் சரியன்று. நாவலர் பிறந்ததே 1822இல். ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு மொழிபெயர்த்த, வேதாகமத்தின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு 1715லேயே தரங்கம்பாடியில் அச்சேறிவிட்டது. பின்னர் பப்ரிசியுஸ் பாதிரியார் முழு வேதாகமத்தையும் தமிழாக்கினார். நம் இலங்கைத் தீவிலும் பிலிப்பு தெ மெல்லோ பாதிரியாரின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் வெளிவந்தது. இதை நம்மவர்களே மறந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

நாவலரின் பங்கைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் கிறிஸ்தவ சபையின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடன் உழைத்தார். அது 1850இல் சென்னையில் அச்சிடப்பட்டது. நெற்றியில் திருநீறு துலங்க, சைவத்தில் அணுவளவும் தளராமல், பிற சமயத்தின் நூலுக்குத் தம் தமிழைக் கொடுத்தவர் அவர். அந்தப் பதிப்பு திருச்சபைகளில் நிலைக்கவில்லை. 1871இல் வந்த, பவர் பாதிரியார் தலைமையிலான வேதாகமத் திருத்தம்தான் பரவலாக வேரூன்றியது.

தயவுசெய்து "முதலில்" என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். "பேர்சிவலுடன் சேர்ந்து" என்று எழுதினால் சரியாக இருக்கும்.