சூடான டயரில் மெஷினை நம்பி காற்றை இறக்காதீங்க

"கோவையிலிருந்து வாளையார் வந்ததும் பங்க்குல காத்து பிடிக்கிற டிஜிட்டல் மெஷின்ல 33 psi செட் பண்ணுங்க, கூட இருந்தா அதுவே இறக்கிடும், கண்ணை மூடிட்டு நம்பலாம்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அதுவே இறக்கும் என்பது உண்மை. சிக்கலே அங்கேதான்.

மெஷினுக்கு அழுத்தம் மட்டும்தான் தெரியும், டயரின் சூடு தெரியாது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள 33 குளிர்ந்த டயருக்கான அளவு. பாலக்காடு ரோட்டில் வெயிலில் ஓடிவந்த டயர் 37 காட்டுவது இயல்பு. அதை 33-க்கு இறக்கினால் மறுநாள் காலை 29 பக்கம் நிற்கும். அப்புறம் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், டயர் இன்னும் சூடாகும், இரண்டு ஓரமும் தேயும்.

வண்டி 3 மணி நேரம் நின்ற பிறகு, அல்லது 2 கிலோமீட்டருக்குள் ஓடியிருக்கும்போது காற்று பிடியுங்கள். வழியில் பார்த்து சூட்டில் 37 இருந்தால் கை வைக்காதீங்க. 31 காட்டினால் 36 செட் பண்ணிப் பிடித்து, காலையில் மறுபடி பாருங்க. ஒரு டயர் மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் பஞ்சரா என்று பார்க்கணும்.

இன்னொன்று: நாசிலை வால்வில் கோணலாகச் செருகினால் 'உஸ்'ஸென்று கசியும், அளவு தப்பும், முடிந்ததற்கான பீப் வராமல் மெஷின் இழுத்துக்கொண்டே இருக்கும். எடுத்து நேராக அழுத்திச் செருகுங்க.