ஒரே விமானம், ஒரே இருக்கை, தொடங்கும் நாட்டுக்கு ஒரு விலை

கொழும்பில் ஏறி லண்டன் போய்த் திரும்ப ஒரு விலை. லண்டனில் ஏறிக் கொழும்பு வந்து திரும்ப வேறு விலை. விமானம் அதேதான், தரும் சாப்பாடும் அதேதான். திருகோணமலையில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனாலும், கொழும்பில் ஏறி இங்கே வந்தாலும் கட்டணம் ஒன்றுதானே? ஆகாயத்தில் மட்டும் ஏன் இந்த அநியாயம்?

அக்காவுக்கு லண்டனில் பிள்ளை பிறக்கப்போகிறது, அம்மா போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே டிக்கட் எடுத்து வைத்திருந்தோம். விசா வரப் பிந்திவிட்டது. திகதியை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டோம். ஆள் மாறவில்லை, ஊர் மாறவில்லை. மாற்றக் கட்டணம் என்று ஒரு தொகை சொன்னார்கள். சரி, அது விதியில் இருந்தது, கட்டத் தயாராகத்தான் போனோம். அதற்கு மேல் கட்டண வித்தியாசம் என்று ஒன்று வந்தது பாருங்கள், அது எடுத்த டிக்கட்டின் விலையில் பாதியைத் தாண்டியது!

ஏஜென்சியில் இருந்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், திரையில் வருவதைத்தான் அவர் சொல்ல முடியும். ஒரே எக்கொனமி இருக்கைகளையே ஆங்கில எழுத்துகளில் பெயரிட்ட பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து, எழுத்துக்கொரு விலை வைத்து விற்கிறார்கள். நாங்கள் எடுத்த மலிவான எழுத்து புதிய திகதியில் முடிந்துவிட்டதாம், அடுத்த எழுத்தின் விலைக்குத்தான் மாற்றலாமாம்.

அன்றிரவு அக்கா லண்டனில் இருந்து ஒரு வேலை செய்தார். லண்டனில் தொடங்கிக் கொழும்பு வந்து, அம்மா ஏற வேண்டிய அதே நாளில் அதே விமானத்தில் லண்டன் திரும்புகிற மாதிரி ஒரு டிக்கட்டைத் தேடிப் பார்த்தார். இருந்தது. அம்மாவிடம் கேட்ட மொத்தத் தொகையைவிட நன்றாகக் குறைந்த விலையில் இருந்தது. மலிவான இருக்கை முடிந்துவிட்டது என்றீர்களே, லண்டனில் தொடங்குபவருக்கு மட்டும் அது எங்கிருந்து முளைத்தது? அம்மா கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து புறப்படுகிறார் என்பதைத் தவிர வேறு என்ன வித்தியாசம்?

கேட்டால் வரி என்பார்கள். அந்தக் கதையை நான் ஏற்க மாட்டேன். பிரித்தானியாவில் விமானம் ஏறுபவருக்கு வரி இருக்கிறது, இலங்கைத் தூரத்துக்கு எக்கொனமியில் 2025 ஏப்ரலில் அது 90 பவுண் ஆனது. கட்டுநாயக்காவில் 60 டொலர். ஆனால் போய்வரும் டிக்கட் எங்கே தொடங்கினாலும் அந்தப் பயணி லண்டனில் ஒரு தடவையும் கொழும்பில் ஒரு தடவையும் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு வரியும் இரண்டு டிக்கட்டிலும் விழும். வித்தியாசம் விமான நிறுவனம் வைக்கும் கட்டணத்தில்தான் இருக்கிறது.

அதை எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? எந்த நாட்டில் யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பார்த்து. லண்டனில் இருந்து நிலாவெளிக்குக் கடல் குளிக்க வருபவருக்கு விலை கூடினால் வேறு ஒரு கடற்கரைக்குப் போய்விடுவார், அதனால் அவருக்குக் குறைப்பார்கள். பிள்ளைப்பேற்றுக்குப் போகும் தாய்க்கு வேறு எங்கே போக முடியும்? சில மாதங்களில் கொழும்பில் தொடங்குவது மலிவாக இருக்கும், அது உண்மை. அப்போது லண்டனில் இருக்கும் நம் ஆட்கள் இதே அடியை வாங்குகிறார்கள்.

சரி, அக்கா கண்டுபிடித்த அந்த டிக்கட்டை அம்மாவின் பேரில் எடுத்து, திரும்பும் பாதியை மட்டும் பாவித்தால் என்ன? முடியாது. முதல் பயணத்தில் ஏறாவிட்டால் மிச்சம் எல்லாம் ரத்து. காசு முழுக்க வாங்கிய பிறகும் எங்கள் இருக்கை எங்களுக்கு இல்லை! லுப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டும் வைத்திருந்த இப்படிப்பட்ட விதியை ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2010இல் செல்லாது என்றது. நமக்கு யார் கேட்பார்?

‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்ற விளம்பரம் இன்னும் கோபத்தைக் கிளப்புகிறது. கொரோனாக் காலத்தில் பல நிறுவனங்கள் இதைத் தொடங்கின. மாற்றக் கட்டணத்தை எடுத்தார்கள், கட்டண வித்தியாசத்தை எடுக்கவில்லை. பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, உண்மையில் காசு பறிக்கும் மற்றதைப் பொடி எழுத்தில் போடுகிறார்கள். புதிய திகதியில் விலை கூடினால் வாங்குவார்கள், குறைந்தால் மலிவு டிக்கட்டுகளில் பெரும்பாலும் ஒரு சதமும் திருப்பித் தர மாட்டார்கள்.

2022 மார்ச்சில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சம்பளம் அப்படி ஏறவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போனவர்கள், வீட்டில் ஒரு மரணம் என்று ஓடி வந்து, காரியங்கள் முடியும் வரை நிற்க வேண்டுமென்று திகதி மாற்றக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். துக்க வீட்டில் இருப்பவனிடம் எழுத்துக் கணக்குக் காட்டுவதா?

சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடமும் நான் கேட்பது இதுதான். டிக்கட் விற்கும்போதே மாற்றக் கட்டணம் எவ்வளவு, கட்டண வித்தியாசம் எப்படிக் கணக்கிடப்படும், விலை குறைந்தால் மீதி கிடைக்குமா என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கச் சட்டம் போடுங்கள். விசா பிந்தியதற்கும் மரணத்துக்கும் கடிதம் காட்டினால், எடுத்த விலைக்கே திகதியை மாற்றிக் கொடுக்க வையுங்கள். அக்கா கடைசியில் அந்த வித்தியாசத்தை முழுசாகக் கட்டினார். பிள்ளைக்கென்று சேர்த்து வைத்திருந்த காசு அது.