ராத்திரி யார் எழுந்திருப்பது?

மகளுக்கு நான்கு வயதானபோது இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று மனைவியிடம் பேச்செடுத்தேன். அவள் சண்டை போடவில்லை. "சரி, பெத்துக்கலாம். ராத்திரி நீங்க எழுந்திருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. எனக்கு மனசுக்குள் பல நாள் வருத்தம் இருந்தது. ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் "அடுத்தது எப்போ?" என்று கேட்டால் "அவளுக்கு விருப்பம் இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதியைத்தான் சொன்னேன். மகளுக்கு இப்போது 11 வயது.

இதை இத்தனை வருடம் கழித்து எழுத வைத்தவர் கிளாடியா கோல்டின். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். 2023-இல் பொருளாதார நோபல் பரிசை யாரோடும் பகிர்ந்துகொள்ளாமல் தனியாகப் பெற்ற முதல் பெண். அமெரிக்கப் பெண்களின் வேலை, சம்பளம் பற்றி இருநூறு ஆண்டுத் தரவுகளை ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து தோண்டி எடுத்தவர். எண்பதை நெருங்கும் வயதில், 2024 கடைசியில், சில நாடுகளில் மட்டும் குழந்தைப் பிறப்பு ஏன் இவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதில் கணக்கை விட அதன் அடியில் இருக்கும் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் கதை.

அவர் 12 நாடுகளை எடுத்துக்கொள்கிறார். ஒரு பக்கம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, சுவீடன், டென்மார்க். இன்னொரு பக்கம் தென்கொரியா, ஜப்பான், இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், கிரீஸ். இரண்டு பக்கமும் இன்று வசதியான நாடுகள்தான், இரண்டு பக்கமும் பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிறப்பு விகிதமும் குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது பக்கத்தில் அது, அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 1.3-க்கும் கீழே இறங்கியது. இத்தாலியும் ஸ்பெயினும் 1990-களின் தொடக்கத்திலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. மதம், மொழி, சாப்பாடு எதிலும் ஒற்றுமை இல்லாத இந்த ஆறு நாடுகளும் எப்படி ஒரே இடத்தில் வந்து நின்றன?

வேகம் என்கிறார் கோல்டின். முதல் பக்க நாடுகள் தலைமுறை தலைமுறையாக மெல்ல வளர்ந்தவை. ஜனங்களின் பழக்கவழக்கம் மாற நேரம் கிடைத்தது. மற்ற ஆறும் நீண்ட காலம் பின்தங்கி இருந்துவிட்டு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓரிரு தலைமுறைக்குள் தாவி ஏறியவை. கிராமம் காலியாகி நகரம் நிரம்பியது. அம்மா நெல் வயலில் நின்றவள், மகள் சியோலில் பட்டம் வாங்கி அலுவலகம் போகிறவள். அதே வீட்டில் வளர்ந்த மகன்? அவனும் படித்தான், நகரத்துக்கு வந்தான், கார் வாங்கினான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் எதிர்பார்ப்பது அப்பாவுக்குக் கிடைத்த அதே மரியாதை, அதே சாப்பாட்டுத் தட்டு. பழைய வழக்கத்தால் ஆணுக்கு லாபம், அதை விட அவனுக்கு அவசரம் இல்லை. புதிய வாழ்க்கையால் பெண்ணுக்கு லாபம், அவள் வேகமாக முன்னே போய்விடுகிறாள். இந்த இடைவெளியில்தான் குழந்தை பிறக்காமல் போகிறது. வீட்டு வேலையில் ஆண்களை விடப் பெண்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கூடுதலாகச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கையும் அவர் எடுத்துப் போடுகிறார். ஜப்பானிலும் இத்தாலியிலும் சுமார் 3 மணி நேரம். சுவீடனிலும் டென்மார்க்கிலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

தென்கொரியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நமக்கு அதில் நிறைய இருக்கிறது. 1960-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 குழந்தைகள். 1970-களில் அந்த அரசு சுவரெல்லாம் எழுதிய வாசகம்: ஆண் பெண் வித்தியாசம் பார்க்காதே, இரண்டு பெற்று நன்றாக வளர். நம் ஊரில் சிவப்பு முக்கோணத்துக்குப் பக்கத்தில் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியிருந்த அதே காலம். 1980-களின் நடுவிலேயே அங்கே இரண்டுக்கும் கீழே போய்விட்டது. 2023-இல் 0.72. சியோல் நகரத்தில் மட்டும் 0.55. அடுத்த வருடம் நாடு முழுவதற்கும் 0.75 என்று கொஞ்சம் ஏறியதைக்கூட அங்கே பெரிய செய்தியாகக் கொண்டாடினார்கள்.

பணம் கொடுக்காமல் இல்லை. 2006-லிருந்து 200 லட்சம் கோடி வொன்னுக்கு மேல் இதற்காகச் செலவு செய்திருக்கிறார்கள். பூயோங் என்ற கட்டுமான நிறுவனம் 2024-இல் ஊழியர் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் 10 கோடி வொன் கொடுக்க ஆரம்பித்தது. நம் பணத்தில் அறுபது லட்சம் ரூபாய் போல வரும். அப்பாக்களுக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ விடுப்பு எடுக்கச் சட்டம் இருக்கிறது, உலகத்திலேயே அதிகமான விடுப்புகளில் ஒன்று. ஆனால் சட்டம் வந்து பல வருடம் வரை அதை எடுத்த ஆண்கள் மிகச் சிலர்தான். விடுப்பு கேட்டால் மேலதிகாரி என்ன நினைப்பார், பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் பிறந்தபோது நான் எடுத்த விடுப்பு ஐந்து நாள். ஆறாவது நாள் காலை ஷிஃப்டில் நின்றேன். நின்றதற்காகப் பெருமைகூடப் பட்டேன்.

சரி, கோல்டின் சொல்வது நாடுகளின் கதை, வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். மத்தியாஸ் டோப்கே, ஃபாபியன் கின்டர்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஐரோப்பியத் தம்பதிகளில் கணவனிடமும் மனைவியிடமும் இன்னொரு குழந்தை வேண்டுமா என்று கேட்ட தரவுகளை எடுத்து, பின்னால் உண்மையில் யாருக்குப் பிறந்தது என்று ஒப்பிட்டார்கள். இருவரும் வேண்டும் என்றால்தான் பெரும்பாலும் பிறக்கிறது. ஒருவர் வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. பிறப்பு குறைவாக உள்ள நாடுகளில் அப்படி வேண்டாம் என்று சொல்பவர் பெரும்பாலும் மனைவி. குழந்தை வளர்க்கும் பாரம் எங்கே பெண் தலையில் அதிகம் விழுகிறதோ அங்கேதான் அந்த 'வேண்டாம்' அதிகம். அதனால் எல்லாருக்கும் பொதுவாகப் பணம் கொடுப்பதை விட அம்மாவின் பாரத்தைக் குறிவைத்துக் குறைக்கும் திட்டங்களுக்குப் பலன் கூடுதல் என்பது அவர்கள் கணக்கு.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'அவளுக்கு விருப்பம் இல்ல' என்று நான் ஊரெல்லாம் சொன்ன வாக்கியத்தை ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அளந்து வைத்திருக்கிறார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னது குழந்தையை அல்ல. முதல் மூன்று வருடத்தை மறுபடி தனியாக வாழ்வதைத்தான் வேண்டாம் என்றாள். மகளுக்கு மூச்சிரைப்பு வந்த மழைக்கால இரவுகளில் நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள். காலையில் ஏழே முக்காலுக்கு வேலைக்குக் கிளம்பியதும் அவள். நான் பக்கத்து அறையில், ஷிஃப்ட் இருக்கிறது என்று தூங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போ அப்பாக்களுக்கு விடுப்பு கொடுத்தால் குழந்தைகள் பிறந்துவிடுமா? இங்கேதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஸ்பெயினில் 2007-இல் அப்பாக்களுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு கொண்டுவந்தார்கள். லிடியா ஃபாரே, லிபெர்தாத் கோன்சாலஸ் என்ற இரண்டு பெண் பொருளாதார அறிஞர்கள் அதன் விளைவை ஆராய்ந்தார்கள். அந்த விடுப்புக்குத் தகுதி பெற்ற குடும்பங்களில் அடுத்த குழந்தை தள்ளிப்போனது, குறைந்தது. குழந்தை பார்த்துக்கொள்வதில் நேரம் செலவிட்ட ஆண்கள், தங்களுக்கு இத்தனை குழந்தை வேண்டும் என்று சொன்ன எண்ணிக்கையும் இறங்கியது! வேலை என்னவென்று கையில் பட்ட பிறகு ஆண்களுக்கும் அம்மாக்களின் கணக்கு வந்துவிட்டது. பிறப்பு எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முறையாக இரண்டு பேரும் ஒரே தகவலை வைத்துக்கொண்டு முடிவு எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அப்பாக்களுக்கும் பெற்றோர் விடுப்பை 1974-லேயே கொடுத்த சுவீடனிலும் இப்போது பிறப்பு 1.4-ஐ ஒட்டி வந்துவிட்டது, பின்லாந்து அதற்கும் கீழே. ஆகவே வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டால் மக்கள்தொகை மறுபடி ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கோல்டின் விளக்குவது கொரியாவும் இத்தாலியும் மற்றவர்களுக்கு முன்பே ஏன் அவ்வளவு ஆழத்துக்குப் போயின என்பதைத்தான். அதைத் தாண்டி அவர் தலையில் பாரத்தை ஏற்றக் கூடாது.

இப்போது நம் ஊர். மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பில் 2020-இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 1.4. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் 1.8 என்றது. எதை எடுத்தாலும் இரண்டுக்குக் கீழே. 1971-இல் நான்கை ஒட்டி இருந்த மாநிலம் இது. வேகம் என்று கோல்டின் சொன்னாரே, அதை என் அம்மாவையும் என் மனைவியையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தாலே புரியும். அம்மா ஐந்தாம் வகுப்பு, ஆறு பிள்ளைகளோடு பிறந்தவர். மனைவி முதுகலை. இடையில் நான், அம்மா கையால் தட்டில் சோறு போட்டு வளர்ந்தவன்.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் அதிகக் குழந்தை பெறச் சொன்னார். அதே மாதம் அப்போதைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒரு திருமண மேடையில் பதினாறு பெறுவதைப் பற்றிப் பேசினார். அடுத்த மார்ச்சில், தொகுதி மறுவரையறையைச் சொல்லி, புதுமணத் தம்பதிகள் உடனே பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்தக் கவலை நியாயமானது. 1971 கணக்கில் உறைந்து நிற்கும் நாடாளுமன்ற இடங்கள், குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையாகத் திரும்பக் கூடாது. அதை தில்லியில் வாதாடி வாங்க வேண்டும். பிரசவ அறையில் வாங்க முடியாது. 1930 வாக்கிலேயே பெரியார் சொல்லிவிட்டார்: மற்றவர்கள் கர்ப்பத்தடை வேண்டும் என்பது பெண்ணின் உடல்நலத்துக்கும் நாட்டின் வறுமைக்கும், நாம் வேண்டும் என்பது பெண்ணின் விடுதலைக்கு. அந்த மண்ணில் நின்றுகொண்டு, நாட்டுக்காகப் பெறாதே என்று சொன்ன வாயாலேயே நாட்டுக்காகப் பெறு என்பது எனக்கு ஒப்பவில்லை. இரண்டுமே அவளைக் கேட்கவில்லை.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. இந்தியா முழுவதும், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது ஒரு நாளைக்கு 299 நிமிடம். செய்த ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையை அன்று செய்ததாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மீதி 74 பேரில் நானும் ஒருவன்.

சட்டத்தைப் பாருங்கள். பெண்ணுக்கு 26 வாரப் பேறுகால விடுப்பு, தமிழக அரசு ஊழியர் என்றால் 12 மாதம். நல்லதுதான், வேண்டும். மத்திய அரசில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 15 நாள். தனியார் அப்பாவுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை, கம்பெனி மனசு வைத்தால் உண்டு. அம்மாவுக்கு மட்டும் நீட்டிக்கொண்டே போனால் முதலாளிகள் கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார்கள், குழந்தை அவள் பொறுப்பு என்பதும் இன்னும் இறுகிவிடும். அங்கன்வாடி மாலை வரை, வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும். அப்பாவுக்கென்று ஒதுக்கிய, அம்மாவுக்கு மாற்றிக் கொடுக்க முடியாத விடுப்பு வேண்டும். அது பிறப்பைக் கூட்டினாலும் சரி, ஸ்பெயின் மாதிரிக் குறைத்தாலும் சரி.

போன வாரம் மனைவியிடம் இந்த ஆய்வுகளைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு நோபல் பரிசு வாங்கினவங்க வரணுமா? நான் அப்பவே சொன்னேனே" என்றாள். அந்த ஐந்து நாள் விடுப்பை ஒரு மாதமாக ஆக்கக் கேட்டு எங்கள் கம்பெனி மனிதவளப் பிரிவுக்கு மனு எழுதியிருக்கிறேன். என் ஷிஃப்டில் இப்போது அப்பாவாகப் போகிற பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவன் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.