எலி பிடிக்கிறவள் எழுதுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் பேசியதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் கம்பஸில் எலி பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்." மண்டபமே சிரித்தது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆம் ஐயா, எலிதான் பிடிக்கிறேன். பின்னேரம் வயல் வரம்பில் பொறி வைத்து, விடியுமுன் போய் எடுத்து, சிறுநீரகத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிறேன். அந்தக் கிருமி ஆய்வுகூடத்தில் வளர்ந்து கண்ணில் படுவதற்கு வாரக்கணக்காகும். சிலவேளை மூன்று மாதம் காத்திருந்து, வளரவில்லை என்று குழாயை வீசவேண்டி வரும். எனக்கோ ஒரு வருட நியமனம். இது ஏழாவது. என் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கிருமிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அது ஆறுதலாகத்தான் வளர்கிறது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்து உயிர்கள் போனபோது யாருக்காவது சிரிப்பு வந்ததா? என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊரே கலங்கியது. எலிக்காய்ச்சல் என்று பெயர் சொன்னது ஆய்வுகூடம்தான். பெயர் தெரிந்த பிறகுதான் வயலில் இறங்குபவர்களுக்கு எந்தக் குளிசை கொடுப்பது என்றே தெரியும்.

போரில் இடம்பெயர்ந்து வன்னியில் மல்லாவியில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. வீட்டில் யாராவது ஒருவர் மலேரியாவில் நடுங்கிக்கொண்டே இருப்போம். மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்த காலம். கிடைத்த குளோரோகுயின் குளிசையை அம்மா வாழைப்பழத்துக்குள் ஒளித்துத் தருவார். கசப்பு ஒளியாது. இன்று எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கசப்பு தெரியாது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. இரவிரவாக மாட்டுக்குப் பக்கத்தில் வலை கட்டி நுளம்பு பிடித்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களையும் பார்த்து யாரோ சிரித்திருப்பார்கள். அதே ஆண்டு முடிவதற்குள், நகரத்துக் கிணறுகளில் பெருகக்கூடிய புதிய மலேரியா நுளம்பு ஒன்று மன்னாரில் அகப்பட்டது. நோய் போய்விட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் அதை யார் கண்டிருப்பார்கள்?

"எங்கள் வரிப்பணத்தில்தானே சம்பளம்" என்று சிலர் வருவீர்கள். சரிதான், கேளுங்கள். பதவி உயர்வுக்காகவே கட்டுரை எழுதுகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் பொறி வைக்கப் போகிற மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் யார் அடிக்கிறார் என்பதையும் ஒருமுறை கேளுங்கள்.

"வெளிநாடு போயிருக்கலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என்னோடு படித்த நான்கு பேர் போய்விட்டார்கள். மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள், ஒருத்தி அங்கும் இரண்டு வருட ஒப்பந்தம்தான். வெளிநாடு என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? கட்டலின் கரிக்கோ என்ற விஞ்ஞானியை 1995இல் பதவி இறக்கியது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். பின்னாளில் கொரோனா தடுப்பூசிக்கு உதவிய அவருடைய எம்ஆர்என்ஏ ஆய்வுக்குப் பணம் தர அப்போது ஆளில்லை. 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட வருடங்களில் அவருக்கு யார் கைதட்டினார்கள்? நான் நோபல் கேட்கவில்லை. இரண்டு வருட நியமனம் கேட்கிறேன்.

எனக்கு மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. 2009 ஓகஸ்டில் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதினேன். கடன் வாங்கிய பேனை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்துவிட்டது, மன்னியுங்கள் ஐயா. அதற்குப் பிறகு இந்தக் கிருமியை நானாக விரும்பித்தான் எடுத்தேன். யாரும் அதை நம்புவதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "கலாநிதிப் பட்டம் எடுத்தால் ஊசி போடுவீர்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். பலகாரத்தை மட்டும் முழுதாக முடித்திருந்தார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அன்று பரிசு வாங்க வந்த பிள்ளைகளில் ஒருத்தி, போன மாதம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்து நுணுக்குக்காட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றவள். அவளும் அந்த மண்டபத்தில் இருந்தாள். அவள் சிரித்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், வீட்டாரை இழுக்காதீர்கள். அம்மாவும் முகநூலில் இருக்கிறார்.