அமேசான் முழுக்க ‘அயவாஸ்கா’ தானா?

அமேசான் காட்டு ஜனங்க எல்லாரும் சடங்குல குடிக்கிற, மாயக்காட்சி வரவைக்கிற கசாயத்தை அயவாஸ்கான்னுதான் சொல்வாங்க, அது ஒரே ஒரு செடியோட பேருன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, ரெண்டுமே தப்பு. அயவாஸ்கா, தென் அமெரிக்கப் பழங்குடி மொழியான கெச்சுவா வார்த்தை, ‘அயா’ன்னா ஆவி, இல்லேன்னா செத்தவங்க, ‘வாஸ்கா’ன்னா கயிறு, கொடி. ஆனா ஈக்வடார் ஷுவார் மக்கள் ‘நாத்தெம்’னு சொல்வாங்க, பிரேசில்ல ஹுனி குயின் மக்களுக்கு அது நிஷி பே, கொலம்பியா பக்கம் யாஹே. பெரு அஷானிங்கா மக்கள் வெச்ச பேரு கமராம்பி, வாந்தி எடுக்குறதுங்கற வார்த்தைலேருந்து வந்ததாம், குடிச்சா அதான் நடக்கும், ஒளிவுமறைவே இல்ல! 1852ல இங்கிலாந்து தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் அமேசான் பகுதி வவுபேஸ் ஆத்துப் பக்கம் கேட்ட ‘காப்பி’ங்கற பேருதான் கசாயத்துக்குப் போடற கொடியோட தாவரவியல் பேர்லயும் ஒட்டிக்கிச்சு, நம்ம ஃபில்டர் காப்பி இல்லங்க. கொடியை நசுக்கி, பெரும்பாலும் சக்ரூனாங்கற வேற செடியோட இலையும் போட்டு மணிக்கணக்கா கொதிக்க வைப்பாங்க, அப்புறம் எப்படி ஒரே செடி?